யார் பெயர் முதலில் பறந்து வருவது?

கல்யாண வீடியோவில் மணமக்களின் முகம் தெரிவதற்கு முன்னால் சில நொடிகள் பெயர்கள் பறந்து வருமே, அவற்றைப் பறக்க விடுவதுதான் என் தொழில்.

அதற்கு முன் பதினாறு வருடம் மும்பையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவியாசிரியனாக இருந்தேன். நாளிதழ் நின்றது. தாராவியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வின், "உமக்குத் தமிழ் டைப்பிங் தெரியும்லா? சும்மா இருக்கதுக்கு வந்து டைட்டில் போடும்" என்று கூப்பிட்டார். போனேன். நாளிதழில் ஒருவர் பெயர் எத்தனையாவது பக்கத்தில் வந்தது என்று சண்டை வரும். இங்கே எத்தனை நொடி நின்றது என்று வருகிறது. காகிதத்தில் இருபது பெயரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். திரையில் ஒருவர் வந்த பிறகுதான் இன்னொருவர் வர முடியும். தொல்லை முழுவதும் அங்கே தொடங்குகிறது.

புதுவீட்டுப் பால்காய்ச்சு வீடியோவுக்கு எழுத்தெல்லாம் நெருப்பாக எரிய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். வீட்டு விசேஷத்துக்கு நெருப்பு வேண்டாமே என்றேன். "வீடுதான் எரியக் கூடாது. பேரு எரிஞ்சா என்ன?" என்றார். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்கிற எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடிப்போன பெயர்

ஹமீது பாய் தாராவியில் தோல் பை ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர். சொந்த ஊர் காயல்பட்டினம். அவருடைய மூத்த மகளின் நிக்காஹ்வுக்கு மண்டபத் திரையில் ஓட்ட ஒரு டைட்டில் செய்தேன். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று தொடங்கி, உறவினர் பெயர்கள் கீழிருந்து மேலே நகரும். ஒரு நிமிடம் என்று பேச்சு. கடைசி நாள் பதினெட்டுப் பெயரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நிமிடம் நீளாது, பெயர்கள்தான் வேகமாக ஓட வேண்டும். ஓடின. பதினெட்டில் கடைசிப் பெயர் ஹமீது பாயின் அண்ணன் காசிம் பாயுடையது. ஒர்க்‌ஷாப்பைப் பிரித்துக்கொண்டு உல்லாஸ்நகர் போய்விட்டவரை அழைப்பதா வேண்டாமா என்று வீட்டில் கடைசி வரை பேசிக்கொண்டிருந்ததால் வந்த தாமதம் அது. தம் பெயர் கண்ணில் பட்டும் படாமலும் மேலே போனதைப் பார்த்த காசிம் பாய் எழுந்து வெளியே போனாராம். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

நான்கு வருடம் கழித்து இளைய மகள் ஆயிஷா ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. "அங்கிள், பெரிய வாப்பா வந்தே ஆகணும். நானே உல்லாஸ்நகர் போய்க் கூப்பிட்டேன். 'டைட்டில அனுப்பு, எம்பேரு எப்படி வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்'ங்கிறாங்க. வாப்பாவும் பாத்து ஓகே சொல்லணுமாம். பெரிய வாப்பா வரலன்னா நான் வீட்ட விட்டே கெளம்ப மாட்டேன், பக்கா." நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "போன தடவ அவங்க பேர ஓடவிட்டது நீங்கதானே? இந்தத் தடவ கொஞ்சம் நிக்க வைங்க."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்

மூத்தவர் என்பதால் காசிம் பாய் பெயரை முதலில் வைத்தேன். ஹமீது பாய் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்து பார்த்தார். கையில் இன்னும் பசை வாடை. "கல்யாணப் பொண்ணு யாரு பெத்த பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். தந்தை பெயரை முதலாவதாக்கி, இரண்டு பேருக்கும் சரியாக மூன்று மூன்று நொடி கொடுத்து, உல்லாஸ்நகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அவம் பேரு மின்னிக்கிட்டு வருது. எம்பேரு சும்மா வருது." இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னின. ஆனால் முதலில் மின்னுவதுதான் மின்னல், இரண்டாவது பழகிவிடுகிறது.

அதற்கடுத்த நாட்களில் நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பெயரும், ஒன்று மேலே, ஒன்று கீழே: கீழே இருக்க இருவரும் மறுத்தார்கள். சுழலும் கனசதுரத்தின் இரண்டு பக்கங்களில் இரண்டு பெயர்: "நான் ஏம்வே பொறத்தால இருக்கணும்?" என்று ஹமீது பாய் கேட்டார். ஒரு பெயர் கரைந்து இன்னொன்றாக மாறுவது: நானே வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் காசிம் பாய் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பன்னிரண்டாவது வடிவத்துக்கு அவர் சொன்னது: "குறைன்னு சொல்லல. ஆனா அவம் பேரு முழுசா வந்து உக்காந்த பெறகுதான் எம்பேருல மொத எழுத்தே எட்டிப் பாக்குது."

இரண்டு பக்கமும் கதவு

மாட்டுங்காவிலிருந்து ராமசேஷன் என்று ஒரு பெரியவர், பேரனின் பூணூல் வீடியோவுக்காக வந்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். தன் முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைக் கவனித்தார். தமது டைட்டில் தமிழில் வேண்டும், ஆனால் பேரனுக்குத் தமிழ் படிக்க வராது, ஆகவே கீழே இங்கிலீஷிலும் வேண்டும், இங்கிலீஷ் சின்னதாக இருக்க வேண்டும், பேரனுக்குத் தெரியும்படி பெரிதாகவும் இருக்க வேண்டும் என்றார். குறித்துக்கொண்டேன்.

நான் ஹமீது பாய் பெயரை இடதுபக்கம் நகர்த்துவதும் திரும்ப இழுப்பதுமாக இருந்ததைப் பார்த்து என்ன சிக்கல் என்று கேட்டார். சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "இதுக்கா இவ்ளோ அவஸ்தைப்படறேள்? நம்ம லோக்கல் ட்ரெயின்ல ரெண்டு பக்கமும் கதவு இருக்கோல்லியோ? ஒருத்தர் இந்தப் பக்கம் ஏறட்டும், இன்னொருத்தர் அந்தப் பக்கம் ஏறட்டும். நடுவுல வந்து ரெண்டு பேரும் நிக்கட்டுமே, யார் வேண்டாங்கறா?"

நடுவில் விழுந்தது

யோசனை நல்லதுதான். அப்படி ஒரு டெம்ப்ளேட் என்னிடம் தயாராகவும் இருந்தது. தாராவி கிரிக்கெட் போட்டி ஒன்றுக்குச் செய்தது. இரண்டு அணிகளின் பெயரும் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து வந்து நடுவில் முட்டி நிற்கும். பொன்னிறப் பொறி தெறிக்கும். பிறகு மேலிருந்து 'வெர்சஸ்' என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, சிவப்பாக, இரண்டு பெயருக்கும் இடையில் தொம்மென்று விழும். அணிகளின் பெயரை எடுத்துவிட்டு அண்ணன் தம்பி பெயரைப் போட்டேன். சிவப்பு எழுத்தை அணைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்ததும், எடிட்டிங் சாப்ட்வேர் தானாகச் சேமித்து வைத்திருந்த பிரதியைத் திறந்து கொடுத்தது. அது நான் பெயர்களை மாற்றிய பிறகு சேமித்தது. சிவப்பு எழுத்தை அணைப்பதற்கு முன் சேமித்தது. நான் பெயர்களில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பத்திரிகை அலுவலகத்தில் கற்றது அவ்வளவுதான்.

இருவரில் ஒருவர் முதலில் பார்த்தார் என்ற பேச்சு வரக் கூடாது என்று, செல்வினைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, அதில் போடச் சொல்லியிருந்தாள் ஆயிஷா. அண்ணனும் தம்பியும் அந்தக் குழுவில் பேசாமல் இருந்துகொண்டிருந்தார்கள். செல்வின் போட்டுவிட்டார். ஹமீது பாய் ஒரு பக்கமிருந்து வந்தார், காசிம் பாய் மறுபக்கமிருந்து வந்தார், முட்டினார்கள், பொறி பறந்தது, நடுவில் சிவப்பாக அது விழுந்தது. கால் மணி நேரத்தில் ஆயிஷா போன் செய்தாள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. "அங்கிள், குரூப்ல எண்பது பேரு இருக்காங்க. எண்பது பேரும் பாத்துட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

இரண்டு நாற்காலிகள்

மறுநாள் காலை காசிம் பாய் சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரிய உருவம், மெல்லிய குரல். கம்ப்யூட்டருக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "போடும்" என்றார். போட்டேன். "இத யாரு வைக்கச் சொன்னா? அவனா?" என் தவறு என்றேன். "தவறா? பொறி பறக்குதே, அதுவும் தவறா?" அதற்குள் ஹமீது பாய் உள்ளே வந்தார். அவரும் என்னை ஏசத்தான் வந்திருந்தார். "எங்க ரெண்டு பேத்துக்கும் மேட்ச் வச்சுப் பாக்கீரோ?" என்று ஆரம்பித்தவர், நாற்காலியில் யார் என்று அப்போதுதான் பார்த்தார்.

காசிம் பாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்ப நீ சொல்லலியா?" என்றார். "நான் ஏன் காக்கா அப்படிச் சொல்லப்போறேன்?" என்றார் ஹமீது பாய். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது என்று செல்வின் பிற்பாடு கணக்குச் சொன்னார். எனக்கு அப்போது அதைக் கவனிக்க நேரமில்லை. இரண்டாவது நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். எழுத்து ரொம்பத் தடிப்பு என்றார் ஒருவர். கலர் வாந்தி மாதிரி இருக்கிறது என்றார் மற்றவர். அரை மணி நேரம் ஒரு விஷயத்திலும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. "பேப்பர்ல எல்லாம் இருந்த ஆளுன்னு செல்வின் சொன்னாரே காக்கா" என்றார் ஹமீது பாய். காசிம் பாய் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இவரு இருந்துதான் அந்தப் பேப்பர் நின்னிருக்கு."

நிக்காஹ்வுக்கு வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

செம்பூர் மண்டபத்தில்

சிவப்பு எழுத்தை எடுத்தேன். எடுத்துவிட்டேனா என்று கடைசி வரை ஓட்டி மூன்று தடவை பார்த்தேன். எழுத்தின் பருமனைக் குறைத்தேன், கலரை மாற்றினேன். பொறியை மட்டும் விட்டுவைத்தேன். அதை எடுக்கும்படி இருவரும் சொல்லவில்லை. மண்டபத்தில் லேப்டாப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அது நீர்தான் என்று செல்வின் அனுப்பிவிட்டார். பெண்கள் பகுதியிலிருந்து ஆயிஷா காலை முதல் ஒரே கேள்வியை மூன்று தடவை அனுப்பியிருந்தாள்: வந்துட்டாங்களா? மூன்றாவது தடவைதான் எனக்குப் பதில் இருந்தது. "வந்துட்டார். வந்த உடனே சமையல்காரரைச் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கார்" என்று எழுதினேன்.

நிக்காஹ் முடிந்து, கூடத்தின் ஒரு பாதியில் பாய் விரித்துச் சாப்பாடு தொடங்கியபோது டைட்டிலை ஓடவிடச் சொன்னார்கள். அவர்கள் வழக்கப்படி மூன்று பேருக்கு ஒரு சகன். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. ஓடவிட்டேன். இரண்டு பெயரும் இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் சேர்ந்து நின்றன, அசையாமல், ஆறு நொடி. மாப்பிள்ளை வீட்டார் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். பெயருக்கு உரியவர்கள் எங்கே என்று தேடினேன். திரைக்கு நேர் கீழே, திரைக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு சகனின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, கறி வெந்தது போதுமா போதாதா என்று காரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் கிட்டே போய், "பாய், டைட்டில் ஓடுது" என்றேன். காசிம் பாய் திரும்பவில்லை. "அது பாட்டுக்கு ஓடட்டும். நீரு கையக் கழுவிட்டு வந்து உக்காரும், இந்தச் சகனுக்கு ஒரு ஆளு குறையுது."

பதினேழு வடிவம் மாறிய ஒரு டைட்டிலை அதை மாற்றச் சொன்ன இருவருமே பார்க்காமல் விட்டதைத்தான் இந்தத் தொழிலில் வெற்றி என்று எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.