ஒரு தலையாட்டியைக் குளிப்பாட்டினேன்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது என் வேலை. அங்கே எனக்கென்று ஒரு தனி மதிப்பு இருந்தது என்றால் அது எனக்கு ஜேர்மன் தெரியும் என்பதால்தான். புத்தகத்தில் படித்த ஜேர்மன் அல்ல. பதினொரு வருடம் அகதி விடுதியிலும், ஓட்டல் குசினியில் சட்டி பானை கழுவும்போதும் பொறுக்கிச் சேர்த்த ஜேர்மன்.

எங்கள் இல்லத்தில் எண்பத்தொன்பது வயது ஜேர்மன்கார அம்மா ஒருவர் இருந்தார். இளம் வயதில் கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர். மறதி நோய் முற்றியபோது முதலில் அவரை விட்டுப் போனது ஆங்கிலம். அவருடைய மகளுக்கு அறுபது வயதிருக்கும். ஜேர்மனில் ஒரு சொல் தெரியாது. போர் முடிந்து வந்த காலத்தில் அந்த மொழியைத் தெருவில் பேசினால் ஊர் முறைக்கும் என்று தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையாம். இப்போது தாய் சொல்வது மகளுக்கு விளங்காது, மகள் சொல்வது தாய்க்கு விளங்காது. நடுவில் நான்.

"அம்மா பின்னேரமானால் எதையோ சொல்லிச் சொல்லி அழுகிறார்," என்று மகள் என்னிடம் கேட்டுக்கொண்டார். "அது என்னவென்று தெரியாமல் அவரைப் போக விட எனக்கு மனம் வரவில்லை. கண்டுபிடித்துச் சொல்வீர்களா?"

அதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன சொல் என் காதில் 'கெனிக்' என்று விழுந்தது. கெனிக் என்றால் பிடரி. பாவம், கழுத்து வலி என்று நர்ஸிடம் சொன்னேன். கோதுமை நிரப்பிய ஒத்தடப் பையை மைக்ரோவேவில் சூடாக்கி ஒரு மாதம் பிடரியில் வைத்தேன், தைலம் தடவினேன். மகள் எனக்கு நன்றி சொல்லி சாக்லேட் பெட்டி கொண்டுவந்து தந்தார். அழுகை மட்டும் நின்றபாடில்லை.

ஒரு நாள் பையை வைக்கப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். என் முகத்தை உற்றுப் பார்த்து, தன் நாடியை மெதுவாகக் கீழே இறக்கி மேலே ஏற்றினார். பிறகு சொல்லைச் சொன்னார். இந்த முறை கடைசியில் இருந்த 'ட்' எனக்குக் கேட்டது. கெனிக்ட். பிடரியும் இல்லை, வலியும் இல்லை. நான் தலையாட்டினேன் என்பதுதான் அதன் பொருள். சூடான பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நாலைந்து பின்னேரங்களில் மீதி துண்டு துண்டாக வந்தது. பெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். போரின் கடைசி வாரங்கள். இவருக்கு ஒன்பது வயது. போர்முனையிலிருந்து ஓடி வந்த பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் நிலக்கரி வைக்கும் நிலவறையில் ஒளிந்திருந்தான். தப்பி ஓடியவர்களைத் தேடி வந்த ஜேர்மன் சீருடைக்காரர்கள் முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளிடம், கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். இவர் தலையாட்டினார். தெருமுனை விளக்குக் கம்பத்தில் அவனைத் தூக்கினார்கள். கழுத்தில் 'கோழை' என்று எழுதிய பலகை. மூன்று நாள் யாரும் இறக்கவில்லை, தண்ணீர் எடுக்க அந்த வழியால்தான் போக வேண்டும்.

தலையாட்டி. எங்கள் ஊரில் இது ஒரு விளையாட்டுச் சொல் அல்ல. சுற்றிவளைப்பு நடக்கும். ஊர் இளைஞர்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் விடுவார்கள். ஆமி ஜீப்புக்குள் ஓர் ஆள் இருப்பான், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன்தான் தலையாட்டி. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீடு. ஆடினால் லொறி. எனக்குப் பதினாறு வயதில், வேலிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டு நிற்க, என் அண்ணாவுக்கு முன்னால் சாக்கு ஒரு தரம் ஆடியது. இன்றுவரை அண்ணா வரவில்லை. அண்ணா எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, பொய் சொல்லிச் சைக்கிள் இரவல் வாங்குவதைத் தவிர ஒரு குற்றமும் செய்யத் தெரியாதவன்.

அடுத்த வருடமே என் அம்மா என்னை விமானம் ஏற்றிவிட்டார். கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போய் அசூல் அடித்தேன். தஞ்சம் கேட்பதை அங்கே எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு சுவர் விழுந்தது. தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டும். நாங்களும் போய்க் கைதட்டினோம். கொஞ்சக் காலத்தில் எங்கள் விடுதி ஜன்னலுக்குக் கல் வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பல்கனியில் நின்று பார்த்தார்கள். கல்யாணம் பேசி சிட்னிக்கு வந்தபோது, அந்த நாட்டோடு என் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மாவின் கதை முழுதாக விளங்கிய அன்றிலிருந்து என் மனதுக்குள் 'அவர்' போய் 'அவள்' வந்துவிட்டாள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடுத்த நாள் காலை குளிப்பாட்டும்போது சுடுதண்ணீரை வேண்டுமென்றே திறக்கவில்லை. இங்கே ஜூலை குளிர்காலம். பச்சைத் தண்ணீர் அந்த மெலிந்த முதுகில் விழுந்தது. அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அடி வாங்கிப் பழகிய பிள்ளை போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். நான் பதறிப்போய்க் குழாயைத் திருப்பினேன். என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் குசினிக் கதிரையில் இருந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒன்பது வயசுப் பிள்ளையப்பா அது. பயத்தில ஆட்டியிருக்கும்," என்றார்.

"அப்ப எங்கட அண்ணாவைக் காட்டினவனை என்ன செய்யிறது? அவனையும் பாவம் எண்டு சொல்லுறதோ?"

அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "சாக்குக்குள்ள இருந்ததுக்கு எத்தினை வயசெண்டு உமக்குத் தெரியுமோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். அந்தச் சாக்குக்குள் நான் ஒரு நாளும் ஒரு முகத்தை வைத்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தார். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் அறைக்குள் போனேன். உன் தாய் ஓர் ஆளைக் கொன்றவள், அதுதான் வலி என்று. நான் வாயைத் திறக்குமுன் கிழவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பல வாரங்களாக இல்லாத தெளிவு கண்ணில்.

"உனக்குத்தான் என் பேச்சு விளங்குது," என்றாள் ஜேர்மனில். "நீ சொல்லு. அது என் பிழையா?"

ஓம். உன் பிழைதான். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. வாய்க்கு முந்தித் தலை பதில் சொன்னது. எங்கள் ஆட்கள் ஓம் என்று ஆட்டுவது இந்த வெள்ளைக்காரர் ஆட்டுவது போல மேலும் கீழும் அல்ல. தலை தோளிலிருந்து தோளுக்குச் சாயும். நாற்பது வருடம் ஊர் விட்டு ஊர் போயும் என் தலை அதை மறக்கவில்லை.

கிழவி என் தலையையே பார்த்தாள். பிறகு, "நைன்?" என்றாள். இல்லையா? முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல உடைந்து விரிந்தது. "நைன், நைன்," என்று மகளின் பக்கம் திரும்பித் தானும் தலையை இரு பக்கமும் அசைத்துக் காட்டினாள்.

"என்ன கேட்டார்?" என்றார் மகள்.

"சின்ன வயதில் போரில் ஓர் ஆள் செத்தது. அது தன் பிழையா என்று கேட்டார்."

"நீங்கள் இல்லை என்று சொன்னீர்கள்." மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

'யா', ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டது திருந்திவிடும். சொல் நாக்கில் நின்றது. கிழவி என் மணிக்கட்டை விடாமலே கண்ணை மூடிவிட்டாள். அன்று பின்னேரம் அவள் அழவில்லை, அதன் பிறகு சாகும்வரை அழவே இல்லை. நானும் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

அண்ணா, நான் ஓம் என்றுதான் சொன்னேன். அவளுக்குத்தான் விளங்கவில்லை.