சைவக்காரர் பிடித்த மீன்

சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் மைதிலி போனில் சொன்னபோது, நான் லண்டன் வெம்பிளியில் முடி வெட்டக் கதிரையில் இருந்தேன். பாதித் தலையோடு எழுந்து ஓடினேன். மற்றப் பாதியை இரண்டு நாள் கழித்துத்தான் வெட்டினேன்.

பதினெட்டு வருடம் கிங்ஸ்பரியில் ஒரே பெட்ரோல் செட்டில் வேலை செய்தோம். அதை நடத்தியதே நாங்கள்தான், முதலாளி பெயருக்குத்தான். “நீ கதைச்சுக்கொண்டிரு, ஆக்கள் நிப்பினம். நான் வேலையைப் பாக்கிறன்” என்பார் அண்ணை.

எங்களைத் தெரிந்தவர்களுக்கு என் மீன் கதையும் தெரியும். நோர்வேயின் வடக்குத் தொங்கலில், அண்ணையின் மச்சான் இருக்கும் ஊரில், உறைந்த ஏரியில் மீன்பிடிப் போட்டி வைப்பார்கள். ஆளுக்கொரு குழி. பனிக்கட்டியைத் துளைத்து, சின்னத் தூண்டிலோடு மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும். ஒருவர் குழியில் இன்னொருவர் கை வைத்தால் இருவரும் வெளியே. மச்சான்தான் எங்கள் பெயரைப் பதிந்தவர். அன்றைய குளிரில் நான் விட்ட மூச்சு கட்டியாகிக் காலில் விழுந்தது. அங்கே ஏழு கிலோ மீன் பிடித்து முதற்பரிசு எடுத்தேன் என்று நான் சொல்லாத கல்யாண வீடு லண்டனில் இல்லை.

இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணை சுத்த சைவம். மச்சான் மனம் நோகக்கூடாதென்று போட்டிக்கு வந்தவர், இரை கோக்காமல் வெறும் கொக்கியைக் குழியில் இறக்கிவிட்டு இருந்தார். நான் விறைப்புத் தாங்காமல் கூடாரத்துக்குச் சூப் குடிக்கப் போனேன். வாசலில் நின்று பார்க்கிறேன், என் தூண்டில் குழிக்குள் இழுபடுகிறது. பக்கத்துக் குழியிலிருந்த அண்ணை பாய்ந்து பிடித்து, மீனை வெறுங்கையால் தூக்கிவிட்டார். நான் ஓடிவரவும் தராசுக்காரர் வரவும் சரியாக இருந்தது. அண்ணை மீனை என் கையில் திணித்தார்.

“அண்ணை, இது நீங்கள் பிடிச்சதெல்லோ?”

“வாயை மூடு. உன்ர குழி, உன்ர மீன். மச்சானை இந்த ஊரில வெட்கப்படுத்தப் போறியே?”

இரண்டு கிலோ. மூன்றாம் பரிசு, ஒரு மரக் கேடயம்.

லண்டன் வந்ததும் மீன் வளர்ந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் அண்ணையை மறித்தார்: “ஏழு கிலோவோ? உண்மையோ?” அண்ணை மரக்கறி ரோல்ஸைக் கடித்தபடி, “ஓம், நான் பக்கத்தில இருந்தனான். இவன் கூச்சத்தில குறைச்சுச் சொல்லுறான்” என்றார்.

செத்தவீட்டில் மைதிலி கேட்டாள்: “அங்கிள், அப்பா ரசிக்கிற அந்த மீன் கதையைச் சொல்லுங்கோ.” மண்டபத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். மீன் அண்ணையுடையது என்று முதன்முதலாக உள்ளபடி சொன்னேன். சனம் சிரித்தது. “அண்ணை சைவமெல்லோ! இதென்ன புதுப் புளுகு?” என்றார் ஒருவர். சத்தியம் செய்தும் நம்பவில்லை.

மறுநாள் கேடயத்தை மைதிலியிடம் கொடுத்தேன். “இதில உங்கட பேரெல்லோ கிடக்கு, அங்கிள்?”

“கிடக்கட்டும், பிள்ளை. மீன் கொப்பரின்ர.”

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, ரோல்ஸைக் கடித்தபடி அவர் சொன்ன அந்த ‘ஓம்’ ஒன்றைத்தான். அதைக் கூட்டிச் சொல்ல என்னாலும் ஏலாது.