தலைகீழாய்க் கவிழ்த்த சைக்கிள்

மைத்துனன் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிளில்தான் என் மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்தாள். அதன் டிஸ்க் பிரேக்கில் கம்பியே கிடையாது. மெல்லிய டியூபுக்குள் எண்ணெய்தான். எண்ணெய் எப்படி ஒரு சக்கரத்தை நிறுத்தும் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

ஒருநாள் பஞ்சர். எங்கள் ஊரில் சைக்கிளுக்கு என்ன கோளாறு என்றாலும் முதலில் தலைகீழாய்க் கவிழ்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. நானும் கவிழ்த்து, ஒட்டி, நிமிர்த்திக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "பிரேக்கு புடிக்கலங்க" என்றாள். உனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்று சிரித்தேன். செருப்பைக் கழற்றினாள். ஒரு கணம் பின்வாங்கினேன். மேம்பாலச் சரிவில் காலைத் தேய்த்து நிறுத்தியதில் அதன் அடி பாதியாகியிருந்தது. அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் லீவரை அழுத்தினேன். மெத்தென்று கைப்பிடி வரை வந்தது. செல்போனில் தேடியபோதுதான் விளங்கியது. லீவரை ஒட்டிய எண்ணெய் அறையில் கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது. கவிழ்த்தபோது அது பிரேக் டியூபுக்குள் ஏறிவிட்டது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். அவ்வளவுதான் விஷயம்.

எண்ணெய் பட்டால், சக்கரத்தின் தட்டைக் கவ்வும் பிரேக் பேடு வீண் என்பதால் சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றித் தள்ளி வைத்து, பேடுகள் இருந்த இடுக்கில் மரத்துண்டைச் செருகினேன். ஊசியில்லாத சிரிஞ்சில் மினரல் ஆயிலை நிரப்பிக் கீழிருந்து மெல்ல ஏற்றினேன். மேலே எண்ணெய் அறையில் குமிழிகள் வந்தன, நின்றன. லீவர் மட்டும் இன்னும் மெத்தென்றே இருந்தது. நான் பீங்கான் பட்டறையில் அச்சுக்குள் களிமண் கரைசல் ஊற்றுகிறவன். காற்று தங்கினால் பொம்மையில் ஓட்டை விழும் என்று ஊற்றியதும் அச்சைத் தட்டுவோம். கை தானாக ஸ்குரூடிரைவர் பிடியால் டியூபைத் தட்டியது. ஒளிந்திருந்த குமிழி ஒன்று, கடுகளவுதான், ஏறிவந்து உடைந்தது. லீவர் கெட்டியானது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டியதும் மறுபடி கவிழ்க்கச் சொன்னாள் மனைவி. டீ குடிக்கும் நேரம் அப்படியே விட்டு நிமிர்த்தினோம். அப்போதும் லீவர் கெட்டியாகவே நின்றது. "அப்ப மொதல்ல நீங்க பாலத்துல எறங்குங்க, பாக்கலாம்" என்றாள்.

பாலத்து உச்சியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டுத்தான் இறங்கினேன். பாதிச் சரிவில், எதிரே பஸ் ஏறி வர, அழுத்தினேன். சைக்கிள் நின்றது. கீழே காத்திருந்தவளிடம் உருட்டிக்கொண்டு போனேன். பயமாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. நீங்க சிரிச்சீங்க."

சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி, லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினாள்.