ஒஸ்வால்டின் காவற்கூடம்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் என்றொருவர் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சியுள்ள சான்று, சந்தைக்கு எதிரே நிற்கும் ஒரு சீமெந்துக் கூடம் மட்டுமே. கப்பற் கம்பனியொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற அவர், தொண்ணூற்றாறாம் ஆண்டு நகரில் குண்டு வெடித்த பின்னர் வட்டாரப் பாதுகாப்புக் குழுவின் செயலாளரானார். கழுத்தில் விசில் தொங்கத் தொடங்கியதும், அதுவரை தமக்கு வணக்கம் சொல்லாதவர்களையெல்லாம் அவர் சந்தேகிக்கத் தொடங்கினார்.

அப்போது சந்தைக்குப் பின்னால் வீடற்றோர் மடம் ஒன்று நகர நிதியில் இயங்கியது. அங்கே தங்கியவர்களுள் பழனியம்மாவும் ஒருத்தி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சந்தைக் கழிவு கூட்டிப் பிழைத்தவள். நாள்தோறும் ஒஸ்வால்டுக்குப் பிளேன்ரீ எனும் பாலில்லாத் தேநீர் வாங்கிவந்து கொடுப்பவளும் அவளே. மடத்தின் கூரையைவிட அதன் முகவரிதான் அவளுக்குப் பெரிது. அந்தப் போர்க்காலத்தில் கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். முகவரி இல்லாவிட்டால் பதிவில்லை. பதிவில்லாதவரை ரோந்து ஏற்றிச் செல்லும்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மடமும் பாதுகாப்பும் ஒரே தலைப்பின் கீழ் வந்தன. தொகை ஒன்று, கேட்பவர் இருவர். ஒஸ்வால்ட் கோட் அணிந்து மாநகர சபைக் கூட்டத்துக்குப் போனார்.

"படுத்துக் கிடக்கிறவைக்குச் செலவழிச்சா, முழிச்சிருக்கிற எங்களுக்கு என்ன மிச்சம், சேர்?"

கைதட்டினார்கள். மடம் மூடப்பட்டது, அந்தத் தொகையில் குழுவினர் இருந்து காவல் காக்கக் காவற்கூடம் எழுந்தது. அதற்குள் மேசை, கதிரை, மின்விசிறி. இரவானதும் முழித்திருப்பவர்கள் அதைப் பூட்டிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார்கள்.

பழனியம்மா பிளேன்ரீயுடன் வந்து கேட்டாள்.

"ஐயா, நான் இந்த ஏரியா ஆளுதான்னு ஒரு கடிதாசி குடுங்க. இல்லாட்டி பொலிஸ்ல புடிச்சிருவாங்க."

"என்ன அட்ரஸ் எண்டு எழுதுறது? வீடில்லாத ஆளுக்குக் கையெழுத்துப் போட்டா என்ர மரியாதை என்னாகிறது?"

"வீடு இல்லாததாலதானேங்க கேக்குறேன்."

"முதல்ல ஒரு அறை எடு. பிறகு வா, கதைப்பம்."

"மடத்துச் சல்லியிலதானே ஐயா இந்த ஃபேன் சுத்துது?"

"வாய் கூடிப்போச்சு உனக்கு. பிளேன்ரீயை வச்சிட்டுப் போ."

அன்று பின்னேரமே, கடையொன்றின் வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தவளை ரோந்து பிடித்தது. "ஒஸ்வால்ட் ஐயாவுக்கு என்னயத் தெரியும்" என்று அவள் மன்றாடவே, பொலிஸ்காரர் அவளைக் கூடத்துக்கு அழைத்துவந்து, இவளைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். ஒஸ்வால்ட் சொல்ல வேண்டியிருந்தது ஒரேயொரு 'ஓம்'. ஆனால், பதிவில்லாத ஒருத்தியைத் தமக்குத் தெரியும் என்றால் செயலாளர் பதவி என்னாவது?

"தன்னே நே, சேர்" என்றார். தெரியாதாம்.

"ஐயோ, பழனியம்மாங்க! சீனி கொறச்சு வாங்கியாரச் சொல்லுவீங்களே!"

அவள் வைத்துப்போன கிளாஸ் மேசைமேலேயே இருந்தது. ஒஸ்வால்ட் அதைக் கோப்பொன்றுக்குப் பின்னால் நகர்த்தினார். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

குழுவின் ஆண்டறிக்கை அவர் எழுதியதே. காவற்கூடத்தின் பயனாக, அடையாளந் தெரியாத பெண்ணொருத்தி பிடிபட்டாள் என்று அதன் முதல் வாக்கியம் பெருமையடித்தது. மறுவருடம் நிதி கூடியது. கூடத்துக்கு இன்னொரு மின்விசிறி வந்தது. பழனியம்மா சந்தைக்குத் திரும்பி வரவில்லை. ஒஸ்வால்ட் பிளேன்ரீயைத் தாமே நடந்துபோய் வாங்க வேண்டியதாயிற்று. தேத்தண்ணிக் கடை மிகத் தூரம் என்று குழுக் கூட்டத்தில் அவர் முறையிட்டார்.