செண்பகத்தின் வெள்ளிக்கிழமைக் குளியல்

1974 ஜூலை 5 — ரூ. 1.75
ஜூலை 12 — ரூ. 3.50
ஜூலை 19 — ரூ. 3.50
ஜூலை 26 — ரூ. 3.50
ஆகஸ்டு 2 — ரூ. 3.50
ஆகஸ்டு 9 — ரூ. 3.50, அபராதம் ரூ. 1.00

இவை செண்பகத்தின் கூலியில் பிடித்த தொகைகள். மொத்தம் இருபது ரூபாய் இருபத்தைந்து காசு. ஆறு தேதிகளும் வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளி அரை நாள். மத்தியானம் ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஜுரம் பொய் என்று தெரியவந்ததற்காகத்தான் கடைசியில் உள்ள ஒரு ரூபாய்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலையின் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதுதான் வேலை. ஏன் வரவில்லை என்பது என் பதிவேட்டில் இல்லாத பத்தி. செண்பகம்தான் அந்தப் பத்தியைச் சேர்க்க வைத்தாள்.

அவள் ஆரம்பாக்கத்துக்காரி. பெரிய புயலுக்கு அடுத்த வருஷம் பிறந்ததாகச் சொன்னாள். எந்தப் புயல் என்று கேட்டதற்கு, வருஷா வருஷம்தான் புயல் அடிக்கிறது, உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள் என்றாள். மேனேஜர் ராமபத்ரன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வயது 38 என்று போடச் சொன்னார். 1971 வரை கழனியில் நாற்று நட்டாள், களை பறித்தாள். பிறகு ரயிலேறி எங்கள் ஆலைக்கு வந்து, மணல் பிரிவில் பதினோரு பெண்களில் ஒருத்தியானாள்.

மணல் பிரிவு என்றால் அச்சு செய்வதற்கான மணலைச் சலித்து, அதில் கரித்தூளைக் கலந்து கொடுப்பது. எட்டு மணி நேரம் சல்லடையை ஆட்ட வேண்டும். சாயங்காலம் பதினோரு பேரும் ஒரே முகமாக வெளியே வருவார்கள். குரலைக் கேட்டுத்தான் பெயருக்கு நேரே குறி போடுவேன். வாரம் முடியும்போது செண்பகத்தின் தலையில் ஒரு சிறிய அச்சு செய்யப் போதுமான மணல் இருக்கும். கண் எரியும். தோள் இரண்டும் காதுவரை ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

ஆகஸ்டு 9 காலை, அவளுக்கு என்ன நோய் என்று நேரில் பார்த்து வரும்படி ராமபத்ரன் என்னை அனுப்பினார். 9.50க்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்று மறைப்பு. அதன் முன்னால் அவள் புருஷன் கலியன், கையில் ஒரு சவுக்குக் கழியோடு நின்றான். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவன். ஆறடி உயரம். பெண்சாதி குளித்து முடிக்கும்வரை அவனுக்குப் பேச அனுமதி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"உள்ள போவாத அய்யரே. அது ஊறிக்கினு கீது" என்று அவன் கிசுகிசுத்தான்.

"யார்ரா அது?" என்று மறைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

நான் யார், எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். ஜுரம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன்.

"ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்ல. எண்ண தேச்சிக்கினு ஒக்காந்துகீறேன். எழுதிக்கோ. கம்பெனில கேட்டா நெசத்தயே சொல்லு."

எழுதிக்கொண்டேன். அவள் உள்ளிருந்து சொல்லச் சொல்ல, கலியன் தலையாட்டிச் சரிபார்க்க, நேரத்தோடு எழுதினேன். 9.20: நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது. 9.35: உச்சந்தலையில் கை நிறைய வைத்து, பாதம்வரை தேய்த்தது. 10.15 வரை வெயிலில் உட்கார்ந்து ஊறுவது. அதற்குள் நொச்சி இலையும் புளிய இலையும் போட்ட தண்ணீர் அண்டாவில் கொதித்துவிடும். அரப்பு தேய்த்து எண்ணெய் போகத் தலைக்கு ஊற்றியபின் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி என்பது தார் பீப்பாய். கலியன் அதை நெடுக்கில் பாதியாக அறுத்து, சவுக்கு மிளாறு போட்டு எரித்துச் சுத்தம் செய்திருந்தான். சுத்தம் என்று அவன் நினைத்திருந்தான். முதல் தடவை வெந்நீர் பட்டதும் மிச்சமிருந்த தார் இளகி, அவள் முதுகில் ரயில் தண்டவாளம்போல இரண்டு கோடு விழுந்ததாம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போக மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் கலியனுக்குச் சோறு கிடைத்ததா என்பது பற்றித் தகவல் இல்லை.

தொட்டியில் அரை மணி. பிறகு ஈரத் தலைக்குச் சாம்பிராணி. மிளகு ரசம் ஊற்றிச் சுடுசோறு. அதன்பின் பாயில் படுக்கலாம்; தூங்கக் கூடாது. மத்தியானம்வரை யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. வாரம் முழுக்க மேஸ்திரி கூப்பிடுகிறான், புருஷன் கூப்பிடுகிறான், ஆடுகூடக் கூப்பிடுகிறது என்றாள்.

இதை அப்படியே இரண்டு பக்க அறிக்கையாகக் கொடுத்தேன். ராமபத்ரன் படித்துவிட்டு, "இது என்ன ஓய், ரிப்போர்ட்டா, சமையல் குறிப்பா?" என்றார். ஆகஸ்டு 12 அன்று ஆலையின் முதல் கடிதம் தயாரானது: இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை வராவிட்டால் பெயர் நீக்கப்படும்.

அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நடவுக் கூலி ஒன்றேகால் ரூபாய். அதுவும் வருஷத்தில் இரண்டு மாதம்தான். வேலையை விட அவளால் முடியாது. அடுத்த மூன்று வெள்ளியும் வந்தாள். அந்த மூன்று வாரத்தில் மேஸ்திரியோடு நாலு சண்டை, பக்கத்தில் சலிக்கும் பூவம்மாளோடு இரண்டு. மூன்றாவது வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் ஒரு கையால் சல்லடையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இடையில் என்னைக் கொண்டு ஒரு மனு எழுதச் செய்தாள். மணல் பிரிவுக்கு வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கு மாற்ற வேண்டும் என்பது மனு. பதினோரு பேரும் கைநாட்டு வைத்தார்கள். ஆகஸ்டு 28 அன்று இரண்டாவது கடிதம். வெள்ளிக்கிழமை காலை உலைக்குக் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் சுற்றுவது முதலாளியின் ஏற்பாடு. அன்று எந்தப் பிரிவும் மூடியிருக்கக் கூடாது. குளிப்பதானால் ஞாயிற்றுக்கிழமை குளிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டால் என்ன என்று நானும் கேட்டேன். நான் கேட்ட அன்று சம்பள நாள். கலியன் ஆலை வாசலுக்கு வந்திருந்தான்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல அய்யரே" என்றாள் செண்பகம். "பொம்பள நாயித்துக்கெயமல எண்ண வெச்சா புருசனுக்குத்தான் ஆவாதுன்றாங்க. வெக்கட்டா?"

கலியன் ஆறடியும் சுருங்கி என் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றான். வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினான்.

செப்டம்பர் 6, வெள்ளி. காலை 7.52க்குச் செண்பகம் வாசலில் நின்றாள். எட்டு நிமிஷம் முன்னதாக. தலையிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அவள் பின்னால் மற்றப் பத்துப் பேரும் அதே கோலம். பூவம்மாள் விளக்கெண்ணெய். பதிவேட்டில் பதினோரு விரல் அடையாளம் எண்ணெயாக விழுந்தது. அந்தப் பக்கம் இன்றும் ஒளி ஊடுருவும்.

"வரச் சொன்னாரு, வந்துட்டோம்" என்றாள்.

எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது என்று விதி இருக்கிறதா பார்க்கும்படி ராமபத்ரன் சொன்னார். நாற்பத்திரண்டு விதிகளையும் படித்தேன். குடித்துவிட்டு வரக் கூடாது, சூதாடக் கூடாது, சுவரில் வெற்றிலை துப்பக் கூடாது. எண்ணெய் பற்றி ஒரு வரி இல்லை. சாப்பாட்டு மணியில் பதினோரு பேரும் உலைக்குப் பக்கத்தில் இருந்த வெந்நீர்த் தொட்டியடிக்குப் போய், சேலையைச் சுற்றி மறைத்து, வரிசையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அச்சுப் பிடிக்கும் ஆண்கள் வேலையைப் போட்டுவிட்டு, எதிர்த் திசையைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு நின்றார்கள்.

கோளாறு மறுநாள் தெரிந்தது. தலையிலிருந்து சொட்டிய எண்ணெய் மணலில் கலந்திருந்தது. உருக்கிய இரும்பை ஊற்றியதும் எண்ணெய் புகைந்து, அறுபது வார்ப்புகளில் பதினான்கு அம்மை வார்த்ததுபோலக் கொப்புளித்திருந்தன. செண்பகம் இதை எதிர்பார்த்தாளா என்று பிறகு கேட்டேன். அவ்வளவு புத்தி இருந்தால் மணல் சலித்துக்கொண்டு இருப்பேனா என்றாள். செப்டம்பர் 13, அடுத்த வெள்ளி, சலித்த மணலில் அறுபதுக்கு இருபத்திரண்டு.

ராமபத்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமையை மட்டும் கேட்காதே, உலைப் பூஜையை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார். ஏறக்குறையக் கெஞ்சினார்.

"அப்ப செவ்வாக்கெயம குடு சார்" என்றாள் செண்பகம்.

பெண்களுக்கு எண்ணெய் வைக்கும் நாள் வாரத்தில் இரண்டு, செவ்வாயும் வெள்ளியும். இது ராமபத்ரனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் இருவர் வீட்டிலும் நடப்பதுதான். இரண்டரை மாதமாக மூன்று பேரும் வெள்ளியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"இதை முன்னமே சொல்வதற்கென்ன?" என்றார் அவர்.

"நீ வெள்ளிக்கெயம ஏன் வர்லன்னுதான கேட்ட. செவ்வாக்கெயம நான் வந்துக்கினுதான இருந்தேன்."

ராமபத்ரன் கணக்குப் போட்டார். செவ்வாயில் முதலாளி புதிதாக எதையும் தொடங்க மாட்டார். பெரிய வார்ப்பு எதுவும் அன்று கிடையாது. பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சலித்துவைத்தால் திங்கள் காலை மணல் தயாராக இருக்கும். தனக்கே தோன்றிய யோசனைபோல அவர் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். செண்பகத்தின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. அவளிடம் சொன்னேன். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாளைக் கொடுக்கட்டும் என்றாள்.

பதில் வர நாலு வாரம் ஆயிற்று. அதுவரை வெள்ளிதோறும் எண்ணெயோடுதான் வந்தார்கள். தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி ஆலைச் செலவில் பதினோரு துண்டு வாங்கிக் கொடுத்தார்கள். தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு அவள் சல்லடையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். மேஸ்திரி கத்துவான். அவள் காதில் விழாது.

மணல் பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை என்ற கடைசிக் கடிதம் வந்தது 1974 அக்டோபர் 14, திங்கட்கிழமை, காலை 11.20.