ஒரே பஞ்சாரத்தில் அடைத்த கோழிகள்

எங்கள் வீட்டுக்கும் குப்பாயி வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவளுடைய கோழிகள் என் வெண்டைப் பாத்தியைக் கிளறுகின்றன என்று இருபது வருடமாகச் சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் அந்தக் கோழிகளுக்குக் குழி வெட்டியதும் நான்தான்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு முட்டைப் பண்ணையில் குப்பாயிக்குப் பதினோரு வருடமாக வேலை. கணவன் இல்லை. ஒரே மகள் கலைமணியைச் சேந்தமங்கலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டாள். மிச்சமிருக்கும் சொந்தம் கோழிதான் என்று நான் கேலி செய்வேன். கேலி என்ன, உண்மையே அதுதான்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் கல்யாணமாகி வந்தபோது, மோகனூரிலிருந்து அவள் அம்மா கூடையில் ஒரு கொண்டைக்கோழியையும் ஒரு சேவலையும் வைத்து அனுப்பினாள். தலையில் கொத்தாக முடி நிற்கிற ஜாதி. பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணன் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டான். பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அந்தக் கோழி வம்சம் மட்டும்தான். கலைமணி கல்யாணத்துக்கும் அதிலிருந்து ஒரு சோடி கொடுத்தனுப்பினாள்.

"நகை போனா வாங்கிக்கலாமுங்ண்ணா. இந்த வித்து போச்சுன்னா எங்க போயி வாங்கறது?" என்பாள்.

பண்ணையில் வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நாட்டுக்கோழியின் சீக்கு பண்ணைக்கு வந்துவிடுமாம். கோழி இருப்பதை மறைத்துத்தான் அவள் வேலை பார்த்தாள். பண்ணைச் சீக்கு வீட்டுக்கு வருமா என்று அவள் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை, பெரிய படிப்பாளி மாதிரி இப்போது பேசுகிறேன்.

ஆடியில் கீரி புகுந்து நான்கு பெட்டைகளைக் கடித்துப் போட்டது. அதே சமயம் பண்ணையில் ஒரு கொட்டகைக் கோழிகளுக்கு வயதாகிவிட்டதென்று கறிக்கு லாரியில் ஏற்றினார்கள். ஒன்றரை வருடம் தன் கையால் தீனி போட்ட கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போவதை அவளால் பார்க்க முடியவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சி, குழம்புக்கு என்று பொய் சொல்லி, ஆறு வெள்ளைக்கோழிகளைச் சாக்கில் கொண்டுவந்தாள்.

அவற்றுக்கு மண் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கம்பிக்கூண்டிலேயே இருந்து நகம் வளைந்திருந்தது. மூக்கும் பாதி வெட்டப்பட்டிருந்தது. இறக்கிவிட்ட இடத்திலேயே திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளைப் போல நின்றன. கொண்டைக்கோழிகள் சுற்றிச் சுற்றிக் கொத்தின.

அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுக்கோழியையும் பழைய கோழியையும் ஒரே பஞ்சாரக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்து, மேலே ஈரச்சாக்கைப் போர்த்திவிட வேண்டும். இருட்டில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தால் வாடை கலந்துவிடும். விடிந்து திறந்தால் கொத்தாது. குப்பாயியும் அப்படித்தான் செய்தாள். மறுநாள் கீரிக்குத் தப்பிய பத்துக் கொண்டைக்கோழிகளும் குஞ்சுகளும் புதியவற்றோடு ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தன.

"பாத்தீங்களாண்ணா, ஒட்டிக்கிச்சுங்க. மனுசங்களுக்குத்தான் இது ஆகாது" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மூன்றாம் நாள், ஆறில் இரண்டைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினாள். கலைமணி ஐந்து மாதம் உண்டாகியிருந்தாள். தினம் ஒரு முட்டையாவது சாப்பிடட்டும் என்று அம்மாக்காரிக்கு ஆசை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகள் செத்தன. திங்கட்கிழமை பெட்டைகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து ஊட்டினாள். அந்த வம்சத்துச் சேவல் கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்தபடி முற்றத்தில் சுற்றியது. அதை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நான் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் மிச்சமிருந்த இரண்டு கோழிகளைப் பார்த்தார். பிறகு ஓரமாகத் தீனி தின்றுகொண்டிருந்த வெள்ளைக்கோழிகளைப் பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சலுங்க. இதுகளுக்குப் பண்ணைல சொட்டு மருந்து, ஊசியெல்லாம் போட்டிருப்பாங்க. சீக்கைச் சுமந்துட்டு வந்தாலும் இதுகளுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கோழிக்கு மருந்து போட்டிருக்கீங்களா?"

குப்பாயி இல்லையென்று தலையாட்டினாள்.

"புதுக்கோழிய மூணு வாரமாச்சும் தனியா வெச்சிருக்கோணும். யாரு ஒண்ணா அடைக்கச் சொன்னது?"

புதன்கிழமை கடைசிப் பெட்டையும் போனது. வேலியோரம் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். குப்பாயி அழவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அண்ணா, கலைமணி ஊட்ல இந்த வித்து இருக்குதுங்கல்லோ. ஒரு அடை முட்டை வாங்கியாந்தாப் போதும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் தான் கொண்டுபோனது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எனக்கும்.

என் போனிலிருந்தே கூப்பிட்டோம். பேச்சு வெளியே கேட்கும்படி வைத்தேன்.

"சாமி, அந்த வெள்ளைக்கோழிகளை எங்க வெச்சிருக்கற?" என்று மகளிடம் கேட்டாள் குப்பாயி.

"நீ சொன்னாப்லயே பஞ்சாரத்துல ஒண்ணா அடைச்சு, ஈரச்சாக்கு போட்டு உட்டனம்மா. அப்பிடியே ஒட்டிக்கிச்சு" என்றாள் கலைமணி. "கொண்டைக்கோழிதான் நேத்திருந்து தீனி எடுக்காம தூங்கிக்கிட்டே நிக்குது. மஞ்சத்தண்ணி குடுத்திருக்கறேன். ஏம்மா?"

குப்பாயி போனை என் கையில் திணித்துவிட்டு, புது மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உண்டாகியிருக்கிற பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? ஒருவேளை டாக்டர் சொன்னது தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில், வெள்ளைக்கோழிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன்.

"அதுகளுக்கென்னங் மாமா, நல்லா இருக்குதுங்க" என்றாள். "இன்னைக்குக் காலைலகூட ஒரு முட்டை வெச்சுதுங்க."