கீரனூர் வழியாக ஒரு மோட்டார் கொட்டகைக்கு

செய்தி வந்தபோது மணி மதியம் இரண்டு ஐம்பது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தேன். என் மனைவியின் தம்பி கார்த்தி. "மச்சான், அக்கா மருந்தக் குடிச்சிருச்சு. கிளம்பி வாங்க" என்றான். எங்கள் பக்கத்தில் மருந்து குடித்தாள் என்றால் பூச்சிமருந்துதான். நான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் சுகன்யா இறந்துவிட்டாள்.

இந்தப் பயணத் தளத்தைப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். இங்கே இருக்கும் படங்கள் எல்லாம் அவள் எடுத்தவை. வழியும் செலவும் எழுதுவது மட்டும் என் வேலை. இந்தப் பதிவுக்குப் படம் கிடையாது.

அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போயிருந்தாள். அன்று காலை பதினொன்றரைக்கு "கத்தரிக்காய் எத்தனை கிலோ கொண்டு வரட்டும்?" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். "ரெண்டு" என்று பதில் போட்டேன். தோட்டத்து மோட்டார் கொட்டகையில், மருந்து கலக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள், கையருகே கிடந்த சொம்பில் மருந்து வாடை அடித்தது என்றார்கள். பிரேதப் பரிசோதனையும் மருந்து என்றுதான் சொன்னது. அது எப்படி உள்ளே போனது என்று பரிசோதனை சொல்லாது. அதை ஊர் சொன்னது.

கருமாதி அன்று குளிப்பதற்கு அந்த மோட்டார் கொட்டகைக்குப் போனேன். பாதியில் கரண்ட் போனது. தொட்டித் தண்ணீரில் கிடந்த ஓஸ் குழாய் 'கர்ர்' என்று உறிஞ்சியது. ஐந்து வருடமாக நான் வேலையில் கேட்கும் சத்தம் அது. குழாய் பின்னோக்கிக் குடிக்கும் சத்தம். அன்று எதுவும் பேசாமல் குளித்து முடித்து வந்தேன். திரும்பிப் போக ஒரு மாதம் ஆனது. இது அந்தப் பயணம்.

காலை ஐந்து மணிக்குச் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். திருச்சி வரை சுமார் இருநூறு கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம் ஆனது. கரூரில் இட்லி சாப்பிட இறங்கலாம், நான் இறங்கவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ்கள் அடிக்கடி உண்டு. முப்பது கிலோமீட்டரில் கீரனூர். அங்கிருந்து உள்ளே பன்னிரண்டு கிலோமீட்டர். ஊருக்குள் போகும் டவுன் பஸ்ஸுக்கு இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும் என்றதால் ஆட்டோ பிடித்தேன். இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசலாம், குறைப்பார்கள்.

என் பையிலிருந்து பைப் ரெஞ்சு நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மோட்டார் வேலையாண்ணே?"

"ஆமா."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"அடப்பாவமே, அங்கிட்டா? அந்தப் புள்ள மருந்து குடிச்சுச்சே, அந்தத் தோட்டம்ல. புருசங்காரன் கோயம்புத்தூருலயாம். ஏதோ சண்டையாம்."

"சண்டைன்னு யார் சொன்னா?"

"யாருண்ணே சொல்லணும்? பொறந்த வீட்டுக்கு வந்த புள்ள சும்மாவா குடிக்கும்?" கொஞ்ச தூரம் போனபின், "நீங்க அவுங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"மோட்டார் பாக்க வந்திருக்கேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

தோட்டத்தில் கார்த்தி மட்டும் இருந்தான். கத்தரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், நிலம் சும்மா கிடந்தது. அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முந்நூறடி போர்வெல். உள்ளே மோட்டார். மேலே வரும் குழாய் தரைக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, மருந்து கலக்கும் நீல டிரம்முக்குப் போகும் ஓஸ். இன்னொன்று, கொட்டகைச் சுவரில் மூன்றடி ஏறி நிற்கும் தண்ணீர்க் குழாய். தோட்டத்துக்கு வருகிற எல்லாரும் தாகத்துக்குக் குடிப்பது அதில்தான். அது எப்போதும் சொட்டும்.

"கரண்டு போனா இந்த ஓஸ் உறிஞ்சுமா?" என்று கேட்டேன்.

"உறிஞ்சும் மச்சான். கைய வச்சா பிடிச்சு இழுக்கும். ஸ்கூல் படிக்கிறப்ப அத வச்சு வெளாடுவோம். யாரு கை ரொம்ப நேரம் ஒட்டியிருக்குன்னு." சிரித்தான். "அக்காதான் எப்பவும் ஜெயிக்கும்." அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஓஸையும் டிரம்மையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மருந்தக் கலக்குனது யாரு?" என்றேன்.

"அப்பா." என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், வேணாம் மச்சான். அக்கா போயிருச்சு. அப்பாவாச்சும் இருக்கட்டும்."

"அப்ப அவ மருந்தக் குடிச்சான்னே இருக்கட்டுமா?"

 அவன் கையை விடவில்லை. எனக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் வரப்பில் மாமா, சுகன்யாவின் அப்பா, வந்துகொண்டிருந்தார். ஆட்டோ வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்க மாப்ள. வீட்டுக்கு வராம நேரா இங்கிட்டு வந்துட்டீக?"

மாமா அறுபதைத் தொட்டவர், சுருக்கமாகப் பேசுபவர். செத்தவள் யாரால் செத்தாள் என்று அவர் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கார்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நான் பையிலிருந்து எடுத்து வைத்த பொருட்களை மாமா பார்த்தார்.

"சொட்டு நீலம் எதுக்கு?"

சொன்னேன். கரண்ட் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும், அதைத் தாங்கிப் பிடிக்க மோட்டாருக்கு மேலே ஒரு வால்வு இருக்கும், உங்களுடையது தேய்ந்துவிட்டது என்றேன். தண்ணீர் இறங்கும்போது ஓஸ் முனை எதில் மூழ்கிக் கிடக்கிறதோ அதை இழுத்துக்கொள்ளும். அது மருந்தாக இருந்தால் மருந்து. சொட்டுகிற குழாய் வழியாகக் காற்று புகுந்து அந்தக் கிளையும் காலியாகிவிடும். மறுபடி கரண்ட் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் தானாக ஓடினால், முதலில் மேலே வருவது அந்த மருந்து. அதில் கொஞ்சம் சுவர்க் குழாயில் ஏறி, யாராவது திறக்கும்வரை அங்கேயே நிற்கும்.

மாமா முழுவதையும் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டிரம்ம நல்லாக் கழுவுடா" என்று கார்த்தியிடம் சொன்னார்.

புது டிரம் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள், அதையே எடுத்தோம். மருந்துக்குப் பதிலாக ஒரு பாட்டில் நீலத்தை ஊற்றினேன். ஓஸை நான் எடுக்கப் போனபோது மாமா வாங்கிக்கொண்டார். "அன்னைக்கி மாதிரியே போடுறேன்" என்று முனையை டிரம்மின் அடிவரை விட்டார். மேலே பிடித்தால் மருந்து நுரைத்துத் தெறிக்கும் என்று எல்லாருமே அப்படித்தான் விடுகிறார்கள். மருந்தை முதலில் ஊற்றி, தண்ணீரைப் பிறகு விடுவதும் வழக்கம்தான். அன்று கால்வாசி நிரம்பியபோது கரண்ட் போய்விட்டதாம். அவர் சாப்பிட வீட்டுக்குப் போக, பறித்த காய்க்குச் சாக்கு எடுத்துக்கொண்டு சுகன்யா எதிரே வந்தாளாம்.

கால் டிரம் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தினேன். ஓஸ் உறிஞ்சியது. டிரம்மில் நீலம் நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. பத்து நிமிடம் காத்திருந்தோம். யாரும் உட்காரவில்லை. மறுபடி போட்டேன். குழாயை மாமாவே திறந்தார். காற்று துப்பியது, பிறகு தண்ணீர் நீலமாக வந்தது.

உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் வழிந்து வேட்டியில் பட்டது.

"வாடை அடிச்சிருக்குமே மாப்ள. தெரியாமயா குடிச்சா?"

"கொட்டகை பூரா அன்னைக்கி மருந்து வாடைதானே மாமா. சொம்ப அண்ணாந்து ஊத்துறப்ப நாக்குல படாமத்தானே எறங்குது. ரெண்டு மடக்கு போனப்பறம்தான் தெரிஞ்சிருக்கும்."

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படி நடந்திருக்க முடியும் என்பதை மட்டும்தான் இந்தச் சோதனை காட்டுகிறது. இப்படித்தான் நடந்தது என்று எந்த இஞ்சினியரும் கையெழுத்துப் போட முடியாது. மாமாவிடமும் அதைச் சொன்னேன்.

"கையெழுத்து யாரு கேட்டா?" என்றார். "எம்மக தண்ணிதான் குடிச்சிருக்கா." குழாயை மூடினார். அது சொட்டியது. மறுபடி இறுக்கினார். "ஊருக்குச் சொல்லுங்க மாப்ள. அவ குடிக்கலைன்னு சொல்லுங்க. ஓஸப் போட்டது அவ அப்பன்னும் சேத்துச் சொல்லுங்க. ஒண்ணச் சொல்லி ஒண்ண விட்டா நம்ப மாட்டாய்ங்க."

"அப்பா" என்றான் கார்த்தி.

"நீ சும்மா இரு."

பிறகு வேலை நடந்தது. படிக்கிறவர்கள் இதைக் கவனித்துப் படிக்கவும். பைக்கிலிருந்து டியூப் வைத்துப் பெட்ரோல் எடுத்திருப்பீர்கள். டியூபின் மேல் வளைவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தால் பெட்ரோல் வராது, காற்றுதான் வரும். ஆன்டி சைஃபன் வால்வு என்பது அந்த ஓட்டைதான், தேவைப்படும்போது மட்டும் திறக்கிற ஓட்டை. உள்ளே ஒரு சின்னத் தட்டு இருக்கும். மோட்டார் ஓடும்போது தண்ணீர் அதை மேலே தள்ளிக் காற்று வழியை அடைத்துவிடும். மோட்டார் நின்றால் தட்டு கீழே விழும், வெளிக்காற்று உள்ளே புகும், இழுவை அறுந்துவிடும். டிரம்முக்குப் போகும் குழாயில், டிரம்மின் வாயைவிட ஒரு சாணாவது உயரத்தில் அதை மாட்ட வேண்டும். தாழ்வாக மாட்டினால் பயனில்லை. அதற்கும் டிரம்முக்கும் நடுவே மூடுகிற வால்வு வேறு எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் தட்டு மேலேயே ஒட்டிக்கொள்ளும்.

வால்வை நான் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுபோனேன், அறுநூறு ரூபாய். கீரனூர் கடைகளில் கேட்டதற்கு அப்படி ஒன்று இல்லை என்றார்கள். போர் வாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு அங்கேயே கிடைக்கிறது, அதையும் மாட்டினோம். காசு செலவு பண்ண முடியாதவர்கள் ஓஸை டிரம்முக்கு மேலே, விளிம்பைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். நுரைத்தால் நுரைக்கட்டும். தண்ணீரில் படாத ஓஸ் எதையும் திருப்பிக் குடிக்காது. எல்லாவற்றையும் மாட்டினாலும், மருந்து டிரம்முக்குப் போகும் குழாயிலிருந்து குடிக்காதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தோட்டத்தில் ஓஸ் முனை எங்கே கிடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

அன்று சாயங்காலமே மாமா டீக்கடைக்குப் போய் அவராகவே சொல்லிவிட்டார். நான் மறுநாள் காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் கிளம்பினேன். கீரனூர் வருவதற்குள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் சொந்தக்காரர்கள். என்ன சண்டை என்று கருமாதியில் என்னைக் கேட்டவர்கள்தான். இப்போது, பெத்த அப்பனுக்கு இவ்வளவு கவனம் இல்லாமலா போகும், போலீஸில் சொல்லப் போகிறாயா என்று கேட்டார்கள். மூன்றாவது கார்த்தி. அப்பா காலையிலிருந்து கொட்டகையில்தான் இருக்கிறார், ஓஸைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை என்றான். பக்கத்திலேயே இரு, தனியாக விடாதே என்றேன். கீரனூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பிப் போகும் ஆட்டோவில் ஏறினேன். அதே இருநூற்றைம்பது.

இதைக் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாமா பக்கத்தில் இருக்கிறார். பாதி இட்லி சாப்பிட்டார். வால்வு பற்றிய சந்தேகங்களைக் கீழே எழுதுங்கள், முடிந்தபோது பதில் சொல்கிறேன். கூப்பிட வேண்டாம். இந்தப் பதிவைப் போட்டதும் போனை அணைத்துவிடுவேன்.